குங்கும நோய்க்கு ஒரு விழா

புல்லுக்கு நோய் வந்தால் முதல் வேலையாக ஒரு விழா எடுக்க வேண்டும் என்பதில் புல்நிலக் காப்பு ஆணையத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எந்தக் காட்டில் எடுப்பது, மேடையில் யாருக்கெல்லாம் நாற்காலி, இயக்குநரின் படத்தைப் புல்லுக்கு மேலே போடுவதா, புல்லுக்கு நடுவே போடுவதா என்பதில்தான் விவாதம் வரும்.

அந்தக் காலத்தில் கொங்கு நாடு முழுக்கப் புல்லைத்தான் நம்பியிருந்தது. மழை முறை தப்பி, நெல்லும் மக்காச்சோளமும் கையை விரித்த பிறகு, எந்த வெயிலுக்கும் அசராமல் நின்றது கொறங்காடு ஒன்றுதான். உழாமல், விதைக்காமல், சுற்றிலும் கிளுவை முள்வேலி போட்டு, ஆடுமாடுகளுக்கென்று விட்டுவைத்த மேய்ச்சல் காடு. அதில் தானாக முளைத்த கொழுக்கட்டைப் புல்லையும் அதன் பங்காளிப் புற்களையும் அறுத்து அரைத்து, நாரை நீக்கிச் சத்தைப் பிரித்து, 'பச்சைமாவு' என்று ரேஷன் கடையில் போட்டார்கள். முதல் வருடம் முகம் சுளித்தவர்கள் மறு வருடம் வரிசையில் நின்றார்கள். இட்லி பச்சையாக இருப்பதில் அப்போது யாருக்கும் வியப்பில்லை. வெள்ளை இட்லியைக் கல்யாணப் பந்தியில் மட்டும் பார்க்கலாம். அதுவும் மாப்பிள்ளை வீட்டாருக்கு.

இப்படி ஊரே புல் தின்னத் தொடங்கிய நேரத்தில்தான் புல்லுக்கு நோய் வந்தது. இலையில் துரு பிடிப்பது காட்டுப் புல்லுக்குப் புதிதல்ல. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று காலங்காலமாக வந்து போவதுதான். ஆனால் வெப்பம் ஏறிய வருடங்களில் அந்தத் துருவுக்கும் குணம் மாறியது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் அப்பியது. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. குங்கும நோய் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். நோய் கண்ட காட்டை ஆணையம் கொளுத்தி, உழுது, 'ஆணையப்புல்' என்ற ஒரே ரகத்தை விதைத்தது. அது அடுத்த பருவத்தில் மொத்தமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றது.

பழைய துரு காற்றில் பறக்கும். இந்தத் தூள் பசை போல ஒட்டுமே தவிர பறக்காது. பறக்காத தூள் எப்படி வேலி தாண்டி, ஊர் தாண்டிப் போகிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆணையத்தின் ஆய்வாளர் டாக்டர் துளசிமணியின் வேலை. அவள் வேலையைத் தொடங்கும் முன்பே இயக்குநர் கார்வேந்தன் விடையைச் சொல்லிவிட்டார்: "ஆடும்மா. ஆடுதான் அங்க இங்க போகுது. புல்லா நடக்கும்?"

எனவே மாதையனின் செம்மறிக் கூட்டம் ஆணையத்தின் பின்பக்கத்து முள்வேலிப் பட்டிக்குள் விசாரணையில் இருந்தது.

மாதையன் வருடந்தோறும் மழை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காடு காடாகப் போகிறவன். ஐம்பதைத் தொட்டவன். நெடிய உடம்பு, தோளில் எந்த வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கம்பளி. துளசிமணி பட்டிக்குள் நுழைந்ததும் எழுந்து நின்றான்.

"ஏனுங்க அம்மிணி, என்ற ஆடு என்னமோ குத்தஞ் செஞ்சிருக்குன்னாங்க. எந்த ஆடுன்னு சொன்னீங்கன்னா அதை மட்டும் உட்டுப்போட்டு மத்ததை ஓட்டிக்கிட்டுப் போயிருவனுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பது அலுவலக வழக்கத்துக்கு மாறானது என்று அடக்கிக்கொண்டாள். பையிலிருந்து 'மோப்பான்' என்று அவர்கள் அழைப்பதை எடுத்தாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. ஆட்டின் ரோமத்தில், குளம்பில், வாயோரத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் கம்பளியை வாங்கி மடிப்பு மடிப்பாக விரித்து அதிலும் ஓட்டினாள்.

"என்னங்க, சத்தமே காணோம்? கெட்டுப் போச்சுங்களா?"

"சத்தம் வந்தாத்தான் வம்புங்ண்ணா. குங்குமத் தூளுக்குன்னு ஒரு வாசனை இருக்கு. நம்ம மூக்குக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். தெரிஞ்சா சில்வண்டு மாதிரி கத்தும்."

"அப்ப எம்மேல ஒண்ணுமில்லீங்களா?"

"அழுக்குதான் இருக்கு."

"அதுக்கு எதும் சட்டம் போட்டிருக்காங்களா?"

இந்த முறை அவள் சிரித்தேவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அவன் கண் பட்டியின் மூலையில் இருந்தது. அங்கே ஆணையப்புல் கட்டுக்கட்டாகப் போட்டபடி கிடந்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகி, வேலியின் காய்ந்த முள்ளைக் கடித்துக்கொண்டிருந்தன.

"அந்த மேல பறக்கற டப்பாதானுங்க எல்லாத்துக்கும் காரணம்," என்றான் மாதையன். கண்காணிப்பு ட்ரோனைச் சொன்னான். "அது வந்தப்புறந்தான் எல்லாச் சீக்கும். என்ற பொண்டாட்டிக்கு முட்டி வலி வந்ததுகூட அதுக்கப்புறந்தான்."

"அதையும் சோதிச்சுப் பாத்துட்டேங்ண்ணா. அது இல்லை."

"முட்டி வலியச் சோதிச்சீங்களா?"

"நோயை."

அவன் தணிந்த குரலில் கேட்டான். "நீங்க ஆடுன்னு எழுதிக் குடுத்துட்டா என்னங்க ஆகும்?"

என்ன ஆகும் என்பது பட்டிக்குப் பின்னால் தெரிந்தது. பொக்லைன் வந்து குழி வெட்டிவிட்டுப் போயிருந்தது. அறிக்கைக்கு முன்பே குழி வெட்டும் அளவுக்கு ஆணையம் திட்டமிட்டு வேலை செய்யும்.

"ஆடுன்னு எழுத மாட்டேன்," என்றாள்.

தூள் இல்லாத ஆட்டைப் பட்டினி போட வேண்டாம், மயில்மேட்டுக் காட்டில் மேய விடலாம் என்று கேட்பதற்காக அவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். சுற்று வட்டாரத்தில் நோயின் நிழல் படாத காடு அது ஒன்றுதான் மிச்சம். இயக்குநர் உள்ளே தன்னைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே அவருடைய நேர்முக உதவியாளர் ரங்கதுரையின் மேசைக்கு எதிரே அவளை உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்ததும் பைக்குள் சில்வண்டு கத்தியது.

தன் உடையில்தான் தூள் இருக்கிறது என்று பதறி எழுந்தாள். வராந்தாவுக்குப் போனாள், சத்தம் நின்றது. திரும்ப வந்தாள், கத்தியது. மோப்பானைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் நீட்டினாள். மேசையைத் தாண்டி, தண்ணீர்க் கேனைத் தாண்டி, ரங்கதுரைக்குப் பின்னால் நின்ற இரும்பு பீரோவை நெருங்க நெருங்க அது தொண்டை கிழியக் கத்தியது.

"மேடம், அதை நிறுத்துங்க. உள்ள சார் ரெக்கார்டிங்ல இருக்காரு."

"பீரோவுல என்னங்க இருக்கு?"

ரங்கதுரையின் முகத்தில் ஒரு மலர்ச்சி. இத்தனை வருடப் பணியில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. சாவியை எடுத்துத் திறந்தான். உள்ளே தட்டுத் தட்டாகப் பொன்னாடைகள். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி மடித்து.

"எல்லாம் நம்ம விழாவுல போட்டதுங்க மேடம். இந்தச் சிவப்பு இருக்கு பாருங்க, கலெக்டர் தோளு கண்டது. அப்புறம் மாவு மில் சங்கத் தலைவர். அப்புறம் ஒரு நடிகர். இன்னும் புத்தம் புதுசா இருக்கா இல்லையா? ஒண்ணையே ரெண்டு தடவை ஒரே ஆளுக்குப் போட்டுறக் கூடாது. அதான் இதுல சூட்சுமம். எல்லாம் மனசுலயே வச்சிருக்கேன்."

"போட்டவங்ககிட்ட எப்படித் திருப்பி வாங்கறீங்க?"

"வாங்கறதென்னங்க? மேடையை விட்டு இறங்குனதும் வெயிலுக்குக் கழட்டி டிரைவர் கையில குடுத்துருவாங்க. டிரைவருங்க பந்தி முடியற வரைக்கும் வேல மரத்தடியில விரிச்சு உக்காந்திருப்பாங்க. நான் போயி வாங்கி, நல்லா உதறி, மடிச்சு வச்சிருவேன்."

"எது மேல விரிப்பாங்க?"

"புல்லு மேலதான். நாற்காலியெல்லாம் மேடையில இருக்கறவங்களுக்குத்தானே."

"துவைக்கறதில்லையா?"

ரங்கதுரைக்கு அதிர்ச்சியாகிவிட்டது. "ஜரிகை கருத்துருமுங்க!"

துளசிமணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். நோய் கண்ட காட்டை இயக்குநர் பார்வையிடும்போது விழா. காட்டுக்காரருக்கு ஆறுதல் பொன்னாடை. நோய் காணாத பக்கத்துக் காட்டில் தடுப்பு விழிப்புணர்வு விழா. அங்கேயும் பொன்னாடை. ஒவ்வொரு காட்டிலும் குங்குமம் முதலில் மரத்தடி நிழலில்தான் தோன்றியது என்பதை அவளே கவனித்திருந்தாள். நிழலில் ஈரம் அதிகம், அதனால்தான் என்று ஒரு கட்டுரைகூட வாசித்திருந்தாள். அதற்காக அவளுக்கு ஒரு பொன்னாடை போட்டார்கள். மாம்பழ மஞ்சள். அது இரண்டாம் தட்டில் இருந்தது.

மறுவாரம் ஆய்வுக்குழுக் கூட்டம். இயக்குநர் கார்வேந்தனுக்குப் புல்லைப் பற்றித் தெரிந்தவை இரண்டு: அது பச்சையாக இருக்கும், விழாவுக்குப் போகும்போது காலில் படும். 'புல்வேந்தர்' என்ற பட்டத்தை எந்த அமைப்பு தந்தது என்று யாரும் கேட்டதில்லை. தரும் அமைப்பை அவரே தொடங்கியிருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர்கள் பச்சைமாவு பிஸ்கட்டைத் தொடாமல் முந்திரியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பரப்பறது ஆடு இல்லைங்க சார்," என்றாள் துளசிமணி. "துணி."

"துணியா?"

"பொன்னாடை."

அறையில் இருந்த எல்லோருடைய கையும் தத்தம் தோளுக்கு ஒருமுறை போய்வந்தது.

அவள் விளக்கினாள். அந்தத் தூள் மண்ணில் விழுந்தால் வெயிலில் செத்துவிடும். செம்மறி ரோமத்தில் ஓர் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதில் பட்டாலும் சாகும். ஆட்டின் மேல் தங்காது, கம்பளியிலும் தங்காது. ஆனால் பளபளக்கும் செயற்கைப் பட்டு நூலில், அதுவும் மடித்து இருட்டில் வைத்தால், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். பசை காய்ந்த பிறகு யாராவது விரித்து உதறினால் போதும், உதிர்ந்து பக்கத்துப் புல்லில் விழும்.

"பலவகைப் புல்லு கலந்து நிக்கற காட்டுல நோய் நடந்துதான் போகும் சார். ஒரு புல்லுல தொத்தும், பக்கத்துல இருக்கறது வேற சாதிப் புல்லா இருக்கும், அங்கயே நின்னுடும். நாம கொளுத்திட்டு ஒரே ரகம் போடறோம் இல்லைங்களா, அதுல பஸ் ஏறிப் போகும். இப்ப நம்ம விழாவால கார்ல போகுது. சைரன் வச்ச கார்ல."

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சிந்திக்கும்போது அப்படிச் செய்வார் என்று ஆவணப்படத்தில் வரும்.

"மரியாதைக்கு நோய் பரப்பற குணம் கிடையாதும்மா," என்றார் கடைசியில். "பொன்னாடைங்கறது துணியில்லை. அது கௌரவம். அதை விடுங்க. ஆனா துணின்னு கண்டுபிடிச்சீங்க பாருங்க, அது பெரிய விஷயம். உலகத்துல எவனும் யோசிக்கலை." கண்ணைத் திறந்தார். "ஒரு துணியில ஒட்டும்னா எந்தத் துணியிலயும் ஒட்டும். சரிதானே? வருஷம் முழுக்கப் புல்லுலயே புரண்டுக்கிட்டு, காடு காடாப் போற துணி எது?"

"கம்பளி!" என்றார் முந்திரிக்காரர் ஒருவர்.

"அபாரம் சார்," என்றார் இன்னொருவர், இயக்குநரைப் பார்த்து.

"கம்பளியில சாகும்னுதானே சார் இப்பச் சொன்னேன்?"

"அது ஆய்வுக்கூடத்துல. காட்டுல எப்படியோ?"

"காட்டுலயும் பாத்தேன். மாதையனோட கம்பளியில ஒரு தூளு இல்லை. நீங்க வேணும்னா இப்பவே பீரோகிட்ட வாங்க, இந்தக் கருவியை..."

"டாக்டர்." இயக்குநரின் குரல் அன்பாக இருந்தது; அவர் அன்பானால் ஆணையத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். "உங்களுக்கு அந்த ஆடுங்க பிழைக்கணும். அதுதானே? துணிதான் காரணம்னு இந்தக் குழு முடிவு பண்ணிட்டா, ஆடு குற்றமற்றது. இன்னிக்கே திறந்து விட்டுடலாம். மயில்மேட்டுலயே மேயட்டும். கம்பளியை மட்டும் எரிக்கறோம். இல்லை, நீங்க பொன்னாடை அது இதுன்னு குழப்பினா, குழுவுக்குச் சந்தேகம் வந்துடும். சந்தேகம் வந்தா மறுபடி ஆடுதான். குழி வேற வெட்டியாச்சு."

துளசிமணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து பட்டி தெரியாது. ஆனால் பசித்த ஆடுகளின் கத்தல் கேட்டது. குளிர்சாதன அறைக்குள் அது எங்கோ தூரத்து ஊர்த் திருவிழா போல வந்தது.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க சார்," என்றாள். "பீரோவுல இருக்கறதையெல்லாம் கொதிக்கற தண்ணியில போட்டு எடுக்கச் சொல்லுங்க. அது போதும்."

"அவ்வளவுதானே? ரங்கதுரை, பாத்துக்க."

"சரிங்க சார்," என்றான் ரங்கதுரை.

"அப்புறம், உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும். மயில்மேட்டுலயே வச்சிடலாம்."

"அங்க வேண்டாம் சார். அது ஒண்ணுதான் மிச்சம்."

"அதனாலதாம்மா அங்க. கருகின காட்டுல வச்சா போட்டோ நல்லா வராது."

கம்பளிகளை ஆணையத்து வாசலில் எரித்தார்கள். வட்டாரத்து ஆட்டுக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று கொண்டுவந்து போட்டார்கள். கம்பளி அவ்வளவு எளிதில் தீப்பிடிக்கிற சாமான் அல்ல. புகைந்தது, நாறியது, மயிர் கருகும் வீச்சத்தில் படம் எடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டீசலை ஊற்றினார்கள், பிடித்தது, மறுபடி அணைந்தது. பொழுது சாயும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மாதையன் முறை வந்தபோது காவலரிடம் கேட்டான்: "துணிதான் குத்தம்னா வேட்டியுந் துணிதானுங்க. அவுத்துக் குடுத்தர்றனுங்களா?"

வரிசை சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டார், பிறகு பதவி நினைவுக்கு வந்து, "வாயை மூடிட்டுப் போட்டுட்டுப் போய்யா," என்றார்.

துளசிமணி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். வெறும் தோளோடு அவன் அவளைக் கடக்கையில் நின்றான். கம்பளி இல்லாமல் பார்க்க அவன் யாரோ போலிருந்தான். கழுத்துக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வெயில் படாத நிறத்தில் இருந்தது.

"நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா?"

"நான் கம்பளின்னு சொல்லலைங்ண்ணா."

"அன்னைக்கு அந்தப் பொட்டி சத்தமே போடலையேங்க."

"போடலை."

"அப்பறம்?"

"ஆட்டை விட்டுட்டாங்கல்ல," என்றாள்.

"விட்டுட்டாங்க," என்றான். அதை அவன் சொன்ன விதத்தில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. "பனிக் காலத்துல என்னத்தப் போத்தறதுன்னு மட்டும் சொல்ல மறந்துட்டாங்க போலிருக்குது. அதையுங் கேட்டு வையுங்க, அம்மிணி."

மயில்மேட்டுக் காடு விழாவன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பலவகைப் புல் கலந்து நின்றது. ஒன்றின் கதிர் நரைத்திருந்தது, ஒன்றின் கதிர் ஊதா. இடையிடையே தரையோடு தரையாகப் படர்ந்தவை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய துருவின் பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. எந்தக் காட்டிலும் இருக்கும், யாரையும் கொல்லாத பழைய நோய். துளசிமணி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேடை ஏறினாள். வேலிக்கு அப்பால், அதே காட்டின் மறுபாதியில், மாதையனின் ஆடுகள் பரபரவென்று மேய்ந்துகொண்டிருந்தன. பட்டியில் கிடந்த பசி. அவன் வேலியோரம், படல் கதவைப் பிடித்தபடி, வெறும் தோளோடு நின்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொதிக்க வச்சீங்கல்ல?" என்று மேடை ஓரத்தில் ரங்கதுரையிடம் கேட்டாள்.

"வெந்நீர்ல போட்டா சுருங்கிருமுங்க மேடம்," என்றான் அவன் ரகசியமாக. "பன்னீர் தெளிச்சு வச்சிட்டேன். கமகமன்னு இருக்கு."

அவள் வாய் திறப்பதற்குள் ஒலிபெருக்கி திறந்துவிட்டது. "புல்லின் புன்னகையை மீட்டெடுத்த அறிவுச்சுடர், குங்கும நோயின் குலம் அறுத்த கொங்குத் தங்கம், டாக்டர் துளசிமணி அவர்களுக்கு, நம் புல்வேந்தர் அவர்கள் இப்போது பொன்னாடை போர்த்துவார்கள்!"

இயக்குநர் சிவப்புப் பொன்னாடையை உறையிலிருந்து உருவினார். கலெக்டர் தோள் கண்டது. விரிப்பதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து ஓர் உதறு உதறினார். அது அவருடைய பாணி; படம் எடுப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். வெயிலில் ஏதோ மின்னியதைப் போலிருந்தது. மேடையின் முன்விளிம்பிலிருந்தே புல் தொடங்கியது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. இப்போதே, ஒலிபெருக்கியில், எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். ஆடுகள். ஆணையத்துப் பட்டிக்குப் பின்னால் இன்னும் மூடாமல் கிடந்த குழி நினைவுக்கு வந்தது. பொன்னாடை அருகே வந்தது. கழுத்து தானாகக் குனிந்தது. வருடக்கணக்கில் பழகிய கழுத்து.

துணி தோளில் பட்டதும் அவள் பைக்குள் சில்வண்டு வீறிட்டது.

கூட்டம் திகைத்தது. இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது. அறிவிப்பாளன் கெட்டிக்காரன். "பாருங்கள், பாருங்கள்! காட்டு வண்டுகளும் டாக்டரை வாழ்த்துகின்றன!" என்றான். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே துளசிமணி பைக்குள் கையை விட்டுப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். சத்தம் நின்றது.

நிமிர்ந்தபோது மாதையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்து காது கொடுத்த இன்னொரு ஆள் அவன்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் ரங்கதுரை கையை நீட்டினான். "குடுத்துருங்க மேடம். மடிச்சு வச்சிடறேன்."

"தரமாட்டேன்."

"என்னங்க?"

"எனக்குத்தானே போட்டாங்க? நான் வச்சுக்கறேன்."

ரங்கதுரை திணறிப்போனான். இப்படி ஒரு விஷயம் இதற்கு முன் நடந்ததில்லை. இயக்குநரின் காதில் போய்ச் சொன்னான். அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து சொன்னார். நாற்காலிக்கு நாற்காலி அது போயிற்று. "படிச்ச பொம்பளை. ஒரு பொன்னாடைக்கு இந்த ஆசை பாருங்க." அடுத்த வரிசையில் அது, "இதுக்குத்தான் இத்தனை ஆராய்ச்சியாக்கும்," என்று ஆனது. துளசிமணி துணியை உதறாமல், சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பந்தலுக்குப் பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனாள். சமையல்காரர் ஏதோ கேட்பதற்குள் அண்டாவுக்கு அடியில் எரிந்த அடுப்பில் அதைத் திணித்தாள். அது ஒரே நொடியில் சுருங்கி, உருகி, கறுப்புச் சொட்டாகச் சொட்டியது. பன்னீர் வாசனை ஒரு விநாடி வந்து போயிற்று.

பின்னால் நிழல் விழுந்தது. மாதையன்.

"நம்ம கம்பளி எரியப் பொழுதன்னைக்கும் ஆச்சுங்க," என்றான் அடுப்பைப் பார்த்தபடி. "இது என்னங்க, ஊதறதுக்குள்ள போயிருச்சு."

அவள் ஒரு விறகை எடுத்து மிச்சத்தைத் தணலுக்குள் தள்ளினாள்.

"அதுதான் சத்தம் போட்டுதுங்களா?"

"ஆமாங்ண்ணா."

"அதை அங்கயே, அந்த மைக்குல சொல்லியிருந்தா?"

"உங்க ஆட்டைத் திருப்பிப் புடிச்சிருப்பாங்க."

அவன் அதை யோசித்தான். தோளில் இல்லாத கம்பளியைச் சரிசெய்வது போலக் கை மேலே போய், ஒன்றும் அகப்படாமல் கீழே வந்தது. "இப்ப அந்தப் புல்லுலதானுங்களே மேயுது," என்றான். "இது போயிட்டா இனி எந்தக் காட்டுக்குங்க ஓட்டறது?"

பந்தலில் ஒலிபெருக்கி மறுபடி கனைத்துக்கொண்டது. விழாவுக்கு வருகை தந்து சிறப்பித்த பெரியோர்கள் அனைவருக்கும், ஒருவர் விடாமல், இப்போது பொன்னாடை போர்த்தப்படும் என்றது. டிரைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேல மரத்தடிக்குப் போகத் தொடங்கினார்கள்.

வேலிக்கு அப்பால் ஆடுகள் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் முதல் பெயரை அழைத்தார்கள்.